எழுதாமல் விட்ட பன்னிரண்டாவது எண்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு துண்டுக் காகிதத்தில் நான் பன்னிரண்டு எண்கள் எழுத வேண்டியிருந்தது. பதினொன்று எழுதினேன். பன்னிரண்டாவது எனக்குத் தெரியும். தெரிந்தே விட்டேன். அன்பினால் விட்டேன் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன் என்பதுதான் என் கஷ்டம். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் மன்னிப்புக் கேட்பது சுலபமாக இருந்திருக்கும்.

என் பெயர் பிரகாசம். ரெட்டியார்பாளையத்தில் அக்கா பெர்னதெத்தோடு இருக்கிறேன். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அக்கா பிரெஞ்சுப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். நான் முப்பத்தோரு வருடம் பள்ளிக் கணக்குப் புத்தகங்களுக்குப் பிழை திருத்தினேன். இப்போது எங்கள் மாதா கோயில் பங்கின் மாத இதழில், கடைசிப் பக்கத்தில் சிறுகதை எழுதுகிறேன். என் கதைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும்: மழையில் யாரோ யாருக்கோ குடை கொடுப்பார்கள். அக்கா அதைக் கேலி செய்வாள். "உன் கதையில மழை பெய்யலைன்னா மனுஷங்க நல்லவங்களா இருக்க மாட்டாங்களா?"

இந்தக் கதையில் மழை இல்லை. குடையும் இல்லை.

2

தொடக்கங்கள்:

[காலை எட்டு மணிக்கே அந்த வராந்தாவில் வெயில் நீளமாகப் படுத்திருந்தது. சுப்ரமணி அதன் ஓரத்தில்...]

வேண்டாம். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வெயில் வராது. கதை தொடங்குகிற பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

[சுப்ரமணி ஒரு கணித மேதை. உலகம் அவரை...]

பொய். அவர் பத்தாவது வரை படித்தவர். வீராம்பட்டினத்தில் படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டுகிறவர். ஐம்பது வயது இருக்கலாம். விரல் இடுக்குகளில் கருப்பு எண்ணெய், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதது. வகுத்தல் கணக்கை மட்டும் சுத்தமாகப் போடுவார். மேதை என்று எழுதினால் உங்களுக்கு அவர்மேல் மரியாதை வரும், இரக்கம் வராது. எனக்கு இரண்டும் வேண்டும்.

ஆகவே எண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

39,92,003.

அவருடைய மனைவி தனத்தின் ஆஸ்பத்திரிச் சீட்டில் அச்சடித்திருந்த எண் இது. கதைக்காக ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லவில்லை. எண்ணை மட்டும் தொடவில்லை. முதல் பிரதியில் கடைசி இலக்கத்தை மாற்றிப் பார்த்தேன். கதையே கலைந்துபோயிற்று. பாத்திரங்களை எப்படியும் வளைக்கலாம், எண் வளையாது. இந்தக் கதையில் என் பேச்சைக் கேட்காத ஒரே ஆள் அதுதான்.

3

எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும்.

சில எண்களை வேறு எண்களால் மீதியில்லாமல் வகுக்கலாம். பதினைந்தை மூன்றாலும் ஐந்தாலும் வகுக்கலாம். சில எண்கள் ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. ஏழு, பதின்மூன்று, இருபத்து மூன்று. இவற்றைப் பகா எண்கள் என்கிறோம்.

39,92,003 எந்த வகை? ஒற்றைப்படை, எனவே இரண்டு இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் இருபத்தாறு, எனவே மூன்று இல்லை. மூன்றில் முடிகிறது, எனவே ஐந்து இல்லை. ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. இப்படி ஒவ்வொரு பகா எண்ணாகப் போட்டுப் பார்க்க வேண்டும். எதுவரை? 1998 வரை போதும். ஒரு எண் இரண்டு எண்களின் பெருக்கமாக இருந்தால், இரண்டுமே பெரியவையாக இருக்க முடியாது. ஒன்றாவது அந்த எல்லைக்குள் அகப்படும்.

1998-க்குள் இருக்கும் பகா எண்கள் மொத்தம் 302.

(ஓர் அடிக்குறிப்பு: தனத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது முப்பது நாள் கரண்ட். கதிர் வைத்தியத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம், 'கரண்ட் வைக்கிறார்கள்' என்று. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். நாளைக்குப் பத்து எண் என்றால் முப்பது நாளில் முந்நூறு. மிச்சம் இரண்டு. கதைக்காக நான் இதைப் பொருத்தவில்லை. பொருந்தியிருந்தது. பொருந்தாமல் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.)

4

அக்காவுக்குத் தொண்டையில் புற்று. அவளுக்கும் முப்பது நாள், அதே காலை நேரம். அப்படித்தான் அந்த வராந்தாவில் சுப்ரமணியின் பக்கத்து நாற்காலி எனக்குக் கிடைத்தது.

முதல் நாள் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் வகுத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பிழை திருத்துகிறவனின் கண் சும்மா இருக்காது. ஒன்பதால் வகுத்துக்கொண்டிருந்தார்.

"மூணால போகலைன்னா ஒன்பதாலயும் போகாதுங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "அட, ஆமா சார். தேவையில்லாம அரைப் பக்கம் வீணாப் போச்சு."

"எதுக்கு இந்தக் கணக்கு?"

"வூட்டுக்காரி நம்பர் சார் இது. அவதான் போடச் சொன்னா."

எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தனம் குரல் கொடுத்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். மார்க்கெட்டில் மீன் விற்று வளர்ந்த குரல், நோயால் அதைத் தணிக்க முடியவில்லை. "இன்னா சார், உங்ககிட்டயும் ஆரம்பிச்சுட்டாரா? எழுந்து போயிடுங்க. கணக்குப் போட்டே கல்யாணம் வரைக்கும் வந்த ஆளு அது."

"நீதானே போடச் சொன்ன?"

"போடத்தான் சொன்னேன். பக்கத்துல இருக்கறவங்க உயிர வாங்கச் சொன்னனா?"

நான் என் கைப்பேசியை எடுத்தேன். "இதுல போட்டா ஒரு நொடியில சொல்லிடுமே."

"வேணாம் சார். கையாலதான் போடணும்." அவர் சட்டென்று நோட்டை மூடினார், கைப்பேசி அதைப் பார்த்துவிடும் என்பதுபோல. பிறகு தணிந்த குரலில், "ஆத்தா கோயில்ல கேட்டோம் சார். ஒண்ணும் தெரியல. அப்பதான் தனம் சொன்னா, உனக்குத்தான் கணக்கு வருமே, இந்த நம்பர்ல கேளுன்னு. ஒவ்வொண்ணாப் போட்டுட்டு வரேன். எதாலயும் வகுபடாம போச்சுன்னா சார்—"

"தனம்! தனம் கூட வந்தவங்க!" என்று நர்ஸ் கூப்பிட்டார்.

அவர் நோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்து ஓடினார்.

அந்த வாக்கியம் அப்படியே நின்றுபோயிற்று. அவர் திரும்பி வந்தபோது வேறு பேச்சு. மறுநாள் வேறு பேச்சு. முப்பது நாளில் ஒரு தடவைகூட நான், "அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்கவில்லை.

ஏன் கேட்க வேண்டும்? நான் கதை எழுதுகிறவன். அரை வாக்கியத்தைப் பார்த்தால் மீதியை முடித்துவிடுவேன். அன்றைக்கே மனதுக்குள் முடித்துவிட்டேன்:

[எதாலயும் வகுபடாம போச்சுன்னா சார், அவ பிழைச்சுக்குவா.]

5

நான் ஏன் அப்படி முடித்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் கோயில் மணியோசையில் வளர்ந்த கிறிஸ்தவன். எத்தனையோ கல்யாணப் பூசைகளில் கேட்டிருக்கிறேன்: கடவுள் இணைத்ததை மனிதன் பிரிக்காதிருக்கட்டும். வகுபடாதது, உடையாதது, எது வந்து மோதினாலும் முழுதாக நிற்பது. எனக்கு அதுதான் நல்ல சகுனம். ஒரு புருஷன் தன் மனைவியின் எண்ணை முந்நூறு கத்திகளால் வெட்டிப் பார்க்கிறான், அது வெட்டுப்படாமல் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறான். எவ்வளவு அழகான கதை! நான் அதைக் காதலித்துவிட்டேன்.

அன்றைக்கே உதவி செய்ய வேண்டும் என்று தோன்றியது. "எந்தெந்த எண்ணால போடணும்னு நான் எழுதித் தரட்டுமா? பகா எண் மட்டும் போட்டா போதும்" என்றேன். அவர் யோசித்தார்.

"அது தப்பில்ல சார். பூவ யாரு வேணா வாங்கித் தரலாம். கேக்கறதுதான் நாங்க கேக்கணும்" என்றார்.

என்ன பூ என்று அப்போதாவது கேட்டிருக்கலாம்.

தினமும் ஒரு துண்டுக் காகிதம். பத்து எண். முதல் நாள் இரண்டிலிருந்து இருபத்தொன்பது வரை. பழைய புத்தகம் ஒன்றின் பின்னட்டைப் பட்டியலைப் பார்த்து, என் நல்ல கையெழுத்தில் எழுதிக்கொண்டு போவேன். அவர் முழங்காலில் நோட்டை வைத்து வகுப்பார். தனம் வெளியே வந்ததும் அவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். அவர் தலையை லேசாக ஆட்டுவார், இல்லை என்று. என்னிடமும் சொல்வார்: "இன்னிக்கும் இல்ல சார்."

நான் சொல்வேன்: "நல்லது. ரொம்ப நல்லது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பிறகு நோட்டைப் பைக்குள் வைப்பார். ஒரு பெருமூச்சு. அதை நிம்மதி என்று எழுதி வைத்திருந்தேன்.

(பிழை திருத்துகிறவனின் வழக்கமான பிழை இது. அச்சில் இருப்பதைப் படிக்காமல், இருக்க வேண்டியதைப் படிப்பது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எச்சரித்தார்கள்.)

6

ஐந்தாவது வாரம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை. சாமியார் பிரசங்கத்தில் காணாமல் போன ஆட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நான் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

39,92,003. நாற்பது இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாற்பது இலட்சம் என்பது 2000-இன் வர்க்கம். 1998-இன் வர்க்கம் என்ன? நாற்பது இலட்சத்தில் எட்டாயிரத்தைக் கழித்து நான்கைக் கூட்ட வேண்டும். 39,92,004.

நம் எண்ணைவிட ஒன்று அதிகம்.

பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் என்ன வரும் என்பது பள்ளிப் பாடம். அதே சூத்திரத்துக்கு எத்தனையோ முறை அச்சுப் பிழை திருத்தியிருக்கிறேன். 1998-க்கு ஒன்று குறைவு, ஒன்று அதிகம், இரண்டையும் பெருக்கினால் நம் எண்.

1997 × 1999.

இரண்டுமே பகா எண்கள். இப்படி இரண்டே வித்தியாசத்தில் நிற்பவற்றை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். கீழேயிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருகிறவருக்கு முந்நூற்றொரு கதவும் மூடியிருக்கும். முந்நூற்று இரண்டாவது, கடைசிக் கதவு மட்டும் திறக்கும். நடுவிலிருந்து பார்த்தவனுக்கு ஒரே வரியில் முடிந்துவிட்டது. கேட்டவருக்குத் தெரியாதது, கேட்காதவனுக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு அழுகை வந்தது. ஆறு வாரம் வகுத்து, கடைசி நாளில், கடைசி எண்ணில், அந்த மனிதரின் நம்பிக்கை உடையப் போகிறது. தனம் கண்ணெதிரில்.

பக்கத்திலிருந்த அக்கா என்னைப் பார்த்தாள். அப்போது அவளுக்குக் குரல் போயிருந்தது. பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினாள்: 'ஆடு கிடைச்சிடும். அழாதே.'

7

முப்பதாவது நாள் நான் எழுதிக்கொண்டு போன துண்டு இது. நகல் வைத்திருக்கிறேன்.

1901, 1907, 1913, 1931, 1933, 1949, 1951, 1973, 1979, 1987, 1993.

அதன் கீழே, என் நல்ல கையெழுத்தில்: 'அவ்வளவுதான்.'

அன்று அவர் மெதுவாக வகுத்தார். 1987-க்கு மீதி 120. 1993-க்கு மீதி 24. துண்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை.

"இதுக்கு மேல இல்லையா சார்?"

"இல்லைங்க."

"நல்லாத் தெரியுமா சார்?"

முப்பத்தோரு வருடம் கணக்குப் புத்தகம் பார்த்தவன் நான். "நல்லாத் தெரியும்" என்றேன். "உங்க நம்பர் எதாலயும் வகுபடாது."

தனம் வெளியே வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அன்று கேலி எதுவும் இல்லை. என்னிடம் வந்து, "உங்களுக்குத்தான் ரொம்ப சிரமம் குடுத்துட்டோம் சார். அக்காவ நல்லாப் பாத்துக்குங்க" என்றாள். முந்தானையில் முடிந்திருந்த கற்பூர வில்லை அளவு ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். திருநீறு. நான் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இருவரும் படியிறங்கிப் போனார்கள். நெஞ்சு நிறைந்து நின்றேன். சந்தோஷத்தில் வாயடைத்துப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்: "சாமி, ஒரு சின்னப் பொய். இரக்கத்தால சொன்னது." மூன்று அருள் நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுத வேண்டும்.

8

மூன்று மாதம் ஆயிற்று. கரண்ட் முடிந்தவர்கள் எல்லாரும் மூன்றாம் மாதம் வந்து காட்ட வேண்டும். அந்த டாக்டர் பார்ப்பது செவ்வாய்க்கிழமைகளில். போன செவ்வாய் அக்காவை அழைத்துப் போனேன். அக்காவுக்குக் குரல் திரும்பிவிட்டது, கொஞ்சம் கரகரப்போடு. வாயும் திரும்பிவிட்டது என்று சொல்லத் தேவையில்லை.

மருந்து வாங்கும் வரிசையில் ஒரு இளம்பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க நம்பர் எழுதித் தந்த சார்தானே? நான் அன்புசெல்வி. சுப்ரமணி பொண்ணு. ஒரு நாள் அம்மாவக் கூட்டிட்டு வந்தேன்."

"அம்மா எங்கம்மா? உள்ள இருக்காங்களா?"

"வரல சார். வர மாட்டேங்குது. நான்தான் டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போலாம்னு லீவு போட்டு வந்தேன். ஆளப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாரு. அடுத்த செவ்வாக்கெழம கட்டாயம் கூட்டிட்டு வா, தள்ளிப் போடாதன்னு சொன்னாரு."

"ஏன் வர மாட்டேங்கறாங்க?"

அவள் தயங்கினாள். "உங்களுக்குத்தான் தெரியுமே சார். அந்த நம்பர் விழல இல்ல."

விழவில்லை என்றால் என்ன என்று கேட்டேன். மூன்று மாதமும் முப்பது நாளும் தாமதமாகக் கேட்டேன்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். அவர்கள் ஊரில் ஒரு காரியம் ஆகுமா ஆகாதா என்று அறிய அம்மன் சிலையில் பூ வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பூ விழுந்தால் ஆத்தா சரி என்கிறாள். விழாவிட்டால் அவள் வாய் திறக்கவில்லை. தனத்துக்காகக் கேட்டபோது விடிகிறவரை உட்கார்ந்தும் பூ விழவில்லை. அதன் பிறகுதான் தனம் எண்ணில் கேட்கச் சொன்னாள். ஏதாவது ஓர் எண்ணுக்கு மீதி பூச்சியம் விழுந்தால் பூ விழுந்த மாதிரி.

"அப்பா முந்நூறு தடவ கேட்டாரு சார். ஒண்ணு கூட விழல. நான் போன்ல பாக்கறேன்னேன். கேக்கறவங்க கையாலதான் கேக்கணும், எந்திரத்த வுட்டுக் கேட்டா அது கேட்டதாகாதுன்னாரு. கடைசி நாள் வந்து சொன்னாரு, முடிஞ்சு போச்சு, சாரே சொல்லிட்டாரு, எதாலயும் போகாதுன்னு. அம்மா அன்னைக்கு நல்லாத்தான் சாப்ட்டுச்சு. அப்பறம்தான், எதுக்குடி அலையணும்னு..."

அவள் வாக்கியம் நின்றது. இந்த முறை நான் முடிக்கவில்லை.

ஆக, அந்த முதல் நாள் வாக்கியத்தின் மீதி இதுதான்: எதாலயும் வகுபடாம போச்சுன்னா சார், ஆத்தா பேசலன்னு அர்த்தம்.

அவர் முந்நூற்றொரு தடவை பூச்சியத்துக்காகக் காத்திருந்தார். ஒவ்வொரு நாளும் கிடைக்காமல் போனபோது நான் "ரொம்ப நல்லது" என்றேன். முந்நூற்று இரண்டாவது பூ கூடையில் இருந்தது. வாங்கித் தருகிறேன் என்று வந்தவன் அதை எடுத்து ஒளித்துவிட்டேன்.

"அன்புசெல்வி" என்றேன். "ஒரு எண் விட்டுப்போச்சும்மா."

'விட்டுப்போச்சு' என்றுதான் சொன்னேன். அப்போதும்.

அவள் முகம் மாறியது. "நிஜமாவா சார்? நான் போய்ச் சொன்னா நம்ப மாட்டாரு. அம்மாவக் கூட்டிட்டு வரத்துக்கு நானே கட்டிவுடறேன்னு நெனைப்பாரு. நீங்க வந்து சொல்லுங்க சார். ஞாயித்துக்கெழம வூட்லதான் இருப்பாரு."

வருகிறேன் என்றேன். வழியும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

9

இன்று திங்கட்கிழமை. நாளை செவ்வாய்.

நேற்று நான் போகவில்லை. பூசைக்குப் போனேன், வீட்டுக்கு வந்தேன், மறுபடியும் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். எழுதிய முடிவுகள் இவை.

முதல் முடிவு. [நான் போகிறேன். "தவறுதலாக ஒன்று விட்டுப்போயிற்று" என்கிறேன். சுப்ரமணி வகுக்கிறார். பூச்சியம். தனம் சிரிக்கிறாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு...] இது நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதற்குக் காரணம் இதிலும் நான் நல்லவனாக இருப்பதுதான். பூவை ஒளித்தவன் தவறி விழுந்ததை எடுத்துக் கொடுப்பதுபோல் கொடுக்கிறான். அடித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு. [நான் உண்மையைச் சொல்கிறேன். சுப்ரமணி என்னை அடிக்கிறார்.] இல்லை, அவர் அடிக்க மாட்டார். நான் அடி வாங்க ஆசைப்படுகிறேன், அதனால் எழுதினேன். அடி வாங்கினால் கணக்குத் தீர்ந்துவிடும் அல்லவா? அவர் ஒருவேளை ஒன்றும் சொல்லாமல் நோட்டைத் தேடி எடுப்பார். அதை என்னால் எழுத முடியவில்லை.

மூன்றாம் முடிவு. [மழை பெய்கிறது. வாசலில் தனம் எனக்குக் குடை...]

அக்கா தோளுக்குப் பின்னால் நின்று இதுவரை படித்துவிட்டாள். நான் தாளை மூடுவதற்குள் மூன்றாம் முடிவுக்கு வந்துவிட்டாள்.

"அலோர்" என்றாள், கரகரத்த குரலில், பள்ளிக்கூடப் பிரெஞ்சில் 'அப்போ' என்று. "அந்தப் பூச்சியம் விழுந்தா அவளுக்கு உடம்பு சரியாயிடுமா?"

"அது எப்படிக்கா? அது வெறும் கணக்கு. அவங்க சீட்டு அடிக்கும்போது வரிசைல வந்த எண். ஆண்டவர் எண்ணிலயா பேசுவாரு?"

"எனக்கு மெழுகுவத்தி ஏத்துனியே, அது வெறும் மெழுகுதானே?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"சரி. விழுந்தா என்ன ஆகும்? அத மட்டும் சொல்லு."

"நாளைக்கு டாக்டர்கிட்ட வருவாங்க."

"அது போதாதா? இத எழுத எத்தன நாளாச்சு?"

"புதன்கிழமைல இருந்து."

"வீராம்பட்டினத்துக்கு டெம்போல எவ்ளோ நேரம்?"

"மாறிப் போகணும். ஒரு மணி நேரம்."

அவள் அலமாரியைத் திறந்து என் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பயமா இருந்தா நானும் வரேன்டா. ஆனா பேச வேண்டியது நீதான். உன் வாயாலதான் பேசணும்."

10

ஆகையால் இந்தக் கதைக்கு முடிவு எழுத எனக்கு நேரமில்லை.

மேசையில் ஒரு புதுத் துண்டுக் காகிதம் வைத்திருக்கிறேன். இதுவரை தந்த துண்டுகளில் எண்கள் மட்டும்தான் எழுதினேன். இதில் முதல் வரியாக ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறேன். ஐந்து நாளில் நான் எழுதியதில் அடிக்காமல் நின்றது இது ஒன்றுதான்: 'தெரிந்தே மறைத்தேன், சுப்ரமணி. உங்களைக் கேட்காமல் உங்களுக்காக முடிவு செய்தேன்.'

அதன் கீழே 1997.

அதற்கும் கீழே பழக்கதோஷத்தில் கணக்கைப் போடத் தொடங்கிவிட்டேன். 3992-இல் 1997 ஒரு தடவை, மீதி 1995. பூச்சியத்தை இறக்கினால் 19950. ஒன்பது தடவை, மீதி 1977. அடுத்த பூச்சியத்தை இறக்கினால் 19770. மறுபடியும் ஒன்பது தடவை, மீதி 1797. கடைசியில் இருக்கும் மூன்றை இறக்கினேன். 17973.

ஒன்பது 1997 எவ்வளவு என்று அதன் கீழே எழுதினேன். கோடு போட்டேன்.

அங்கே நிறுத்திவிட்டேன். கேட்கிறவர் கையால்தான் கேட்க வேண்டும். இவ்வளவு தூரம் நான் போட்டதே தப்பு. அந்தப் பகுதியைக் கிழித்துவிட்டேன். அவருக்கு வாக்கியமும் எண்ணும் மட்டும் போகும்.

கிழித்த துண்டு உங்களுக்கு. பென்சில் இருக்கிறதா? கோட்டுக்குக் கீழே நான் எதுவும் எழுதவில்லை.

17973
17973
———

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள்.